மாமா மகனுக்கு நான் மார்க் போடவில்லை

அன்புள்ள நைனாவுக்கு,

வெண்மதி எழுதுவது. ஓசூரில் நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா மகன் எழிலன் எங்கள் கம்பெனிக்கு இன்டர்வியூ வந்தான். ஆள் எடுக்கிற மேசையில் நானும் இருந்தேன். "எங்க மாமா பையன் சார், இவனுக்கு நான் மார்க் போடமாட்டேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவனுக்காக ஆக்கிய கருவாட்டுக் குழம்பைத் தொடாமலே பஸ் ஏறிவிட்டான். இரண்டு வேளையும் நானே சாப்பிட்டேன்.

"ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்து உதிர்ந்துடுமா? அவ தங்கச்சி கல்யாணத்துக்கு சீர் எட்த்துனு வரமாட்டேன்" என்கிறாராம் மாமா. வராவிட்டால் போகட்டும். தாய்மாமன் சீரை நானே தட்டில் வைத்துத் தூக்கி வருகிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த மாதம் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். எழிலனைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கொஞ்சம் வேர்க்கடலையும் அவனிடம் கொடுத்தனுப்புங்கள். மேசையில் நான் இருக்கமாட்டேன், சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

செஞ்சியில் வேலை கேட்டுப் போன என்னை, "யார் சொல்லி வந்தே? எந்தத் தெரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? பஸ் ஸ்டாண்டில் டீயை ஆறவிட்டு, "நமக்கு யாரும்மா இருக்கறாங்க?" என்றீர்கள்.

எழிலனுக்கு நான் இருக்கிறேன். அவனோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யார் இருக்கிறார்கள், நைனா?

ஷிஃப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது.

வெண்மதி