பிரேக் போட்டால் மதிப்பெண் குறையும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. உடம்பைக் கேட்டால் நானும் உன் அப்பாவும் நலம்தான், மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் அதுவும் கொஞ்சம் அடங்கும். போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் பறந்துகொண்டிருக்கிறாய், இவரும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

போன வருஷம் உன் அப்பா இரண்டு தடவை காரை இடித்தது உனக்குத் தெரியும், ஒன்று வங்கி கேட்டில், இன்னொன்று சிக்னலில் சும்மா நின்றிருந்த வேன் மேல். அதோடு இன்சூரன்ஸ்காரர்கள் அவரை ஆபத்தான ஓட்டுநர்கள் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். பழைய கம்பெனி இனி முடியாது என்று கையை விரித்தது, வேறு சில இடங்களில் படியேறி இறங்கியும் பலனில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் காரைத் தெருவில் இறக்கக் கூடாது, கார் இல்லாமல் தையல் மெஷின் ரிப்பேருக்கு அந்தக் கருவி மூட்டையை எப்படித் தூக்கிக்கொண்டு அலைவார். கடைசியில் ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டது, ஆனால் பிரீமியம் பழையதைப்போல மூன்று மடங்கு, அதுபோக அவர்கள் தரும் ஒரு பெட்டியையும் காரில் மாட்ட வேண்டுமாம். வேகம், திருப்பம், பிரேக் எல்லாவற்றையும் அது கவனித்து தினமும் போனில் மதிப்பெண் போடும், வருஷம் முழுக்க நல்ல பிள்ளையாக ஓட்டினால் அடுத்த முறை பிரீமியம் குறையும்.

முதலில் எனக்கும் சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கையெல்லாம் இந்த வயசில் வாங்கி உன் மாமாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள், இவர் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போவார். ஆனால் சட்டென்று பிரேக் போட்டால் பெட்டி கீச்சென்று கத்தும், மார்க் இறங்கிவிடும். அதற்குப் பயந்து இந்த மனுஷன் பிரேக்கை அழுத்தவே யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். மார்க்கெட் திருப்பத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டாள். இவர் கால் பிரேக் மேல்தான் இருக்கிறது, ஆனால் அழுத்தவில்லை, மெதுவா, மெதுவா என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். நான் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது, அந்தத் தள்ளுவண்டிக்கும் எங்கள் காருக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. பெட்டி கத்தோ கத்தென்று கத்தியது. உன் அப்பா முதலில் பார்த்தது குழந்தையை இல்லை, போனை. மார்க்கெல்லாம் போச்சே, எதுக்கு இழுத்தே என்று என்னைக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் கேட்டது என்ன என்று அவருக்கே உறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலை சாய்த்து அழுதார். அன்றிலிருந்து காரைத் தொடவில்லை, கருவிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார், வரும்படியில் பாதி அதற்கே சரியாகப் போகிறது.

இதைச் சொல்வது அவரைப் பற்றிக் கோள்சொல்வதற்காக இல்லை. உன் காரிலும், நீ இடித்த அந்த விபத்துக்குப் பிறகு, இதே மாதிரிப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள், மாட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அது கத்தவில்லை என்று போனில் சொன்னாயே. பக்கத்து வீட்டு டீச்சரிடம்கூடப் பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அத்தனை பெரிய ஊரில் இத்தனை நாளாக உன் காருக்குக் குறுக்கே ஒருத்தர்கூடவா வரவில்லை? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஜன்னலுக்கு வருகிறேன், ஜன்னலிலிருந்து போனுக்குப் போகிறேன், இதே கேள்விதான்.

இன்சூரன்ஸை மட்டும் விட்டுவிடாதே, எவ்வளவு கேட்டாலும் கட்டு, மிச்சம் பிடிப்பதை வேறு எதிலாவது பிடித்துக்கொள்ளலாம். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயசு நல்லபடியாக வாழ வேண்டும், உன்னால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் எதுவும் ஆகக் கூடாது. மறக்காதே, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்து. இன்னைக்குப் பெட்டி கத்துச்சு அம்மா என்று ஒரு நாள் போன் பண்ணு, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா