பத்மா ரீச்சரின் முப்பத்தொரு நாள்

என் ஆசை அக்காவுக்கு,

நேற்று உன் ஆட்டைத் திவசம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. நீ போய் ஒரு வருடமாகிவிட்டது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சமையல் முழுக்கப் பத்மா ரீச்சர்தான். பெரியண்ணை கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ரீச்சர், உங்கடை கை இப்ப கொஞ்சம் திருந்தியிருக்கு" என்றார். நீ இருந்திருந்தால் சிரித்துப் புரையேறியிருப்பாய்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் அப்போது எனக்கே அது விளங்கியிருக்கவில்லை.

நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுப் படையல் முடிந்து, உங்கள் கொக்குவில் வீட்டில் பானை சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மானிப்பாய்க்குத் திரும்ப வெளிக்கிட்டேன். உங்கள் கோயிலில் கொடி ஏறியிருந்தது. சாவீட்டுத் துடக்கு உள்ள நாங்கள் முப்பத்தொரு நாளும் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. ஆனால் பத்மா ரீச்சர், இருபது வருடம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் என்றாலும், இரத்த உறவில்லையே. அவராவது திருவிழா பார்க்கட்டும் என்று நல்ல மனதோடுதான் சொன்னேன்.

"ரீச்சர், உங்களுக்குத் துடக்கில்லைத்தானே. நீங்கள் தாராளமாய்ப் போய்க் கும்பிடலாம்."

அவர் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "பனங்கட்டியைக் கடிச்சுக் குடியுங்கோ பிள்ளை. சீனி முடிஞ்சுது" என்றார்.

ரீச்சர் தனியே எப்படி இருக்கிறாரோ என்று பார்க்க, தேரன்று என் வீட்டுக்காரர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நிறைகுடம் வைத்திருந்தார்கள். உங்கள் படலையில் இல்லை. ரீச்சர் கிணற்றடியில் நின்றார். எண்ணெய் காணாத தலை. மேளச் சத்தம் வந்த திக்கைப் பார்த்துத் தலைக்கு மேலே கை கூப்பியிருந்தார்.

"இதென்ன ரீச்சர், தேர் சந்திக்கு வந்திட்டுது. ஓடிப்போய்ப் பாருங்கோவன்."

"எனக்குத் துடக்கு, பிள்ளை."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. எட்டாம் நாள் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நீ ஒன்றுமில்லை என்று, உன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் வேலை ஓடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சமெல்லாம் நீ தந்த புத்தகங்களில் படித்தது. அவற்றில் உங்கள் உறவுக்கு ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் என்னையே கேட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாதா? உங்கள் வீட்டில் மூன்று அறை, ஒரு கட்டில். மற்ற இரண்டு அறையிலும் புத்தகமும் வெங்காயமும். வீடு சின்னது, பாவம் இரண்டு பேரும் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். மூன்று அறை வீடு எப்படிச் சின்னதாகும், அக்கா? என் பிள்ளைகள் ரீச்சரைப் பெரியம்மா என்று கூப்பிட்டபோது, "பெரியம்மா இல்லை, ரீச்சர்" என்று திருத்தியவளும் நான்தான்.

உனக்கு மாப்பிள்ளை வரவேண்டும் என்று ஆறு வருடம் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஒரு வருடம் விரதம் முடிக்கிற பாறணையன்று நீ வந்து, "முருகனை ஏனடி கரைச்சல் படுத்துறாய்? எனக்கு ஒரு குறையுமில்லை" என்றாய். மனதைத் தேற்றச் சொல்கிறாய் என்று நினைத்து அடுத்த வருடமும் பிடித்தேன். நீ உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறாய்.

என் கலியாணத்தையும் எண்ணிப் பார்த்தேன். இவரைக் கலியாணத்துக்கு முதல் ஒரேயொரு தரம்தான் கண்டேன். கலியாணமாகி மூன்றாம் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, வேலையால் வந்து சட்டைகூட மாற்றாமல் என் நெற்றியில் கை வைத்தாரே, அன்றுதான் இவர் என்னுடையவர் என்று மனம் சொன்னது. ஆனால் தாலி ஏறிய நாளிலிருந்தே ஊர் எங்களை நம்பியது. நீ கடைசியாய்க் கிடந்த ஆஸ்பத்திரியில் உன் பாதம் குளிர்கிறது என்று ரீச்சர் அதைத் தன் மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். கண்டும், நல்ல சிநேகிதி என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மையும் அப்பனுமாய் ஒரே மேனியில் நிற்கிறவரை நாள் தவறாமல் கும்பிடுகிற எனக்கு, அன்புக்கு ஒரே உருவம்தான் என்று யார் சொல்லித் தந்தது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சண்டையால் கீரிமலைக்குப் போக வழியில்லை. திருவடிநிலைக் கடற்கரைக்குப் போனோம். உன் சாம்பலைக் கரைத்தபின் குருக்கள், "உரித்துக்காரர் எல்லாரும் முழுக வாங்கோ" என்று கூப்பிட்டார். ரீச்சர் எங்கள் பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு பின்னால் நின்றார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"உவ ஏன்? உரித்துக்காரரைத்தானே கூப்பிட்டவர்" என்றார் பெரியண்ணை.

"அண்ணை, இவ முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தவ. நீங்கள் தீர்த்தத் திருவிழா அண்டைக்குக் கோயில் மடத்திலை இருந்து சாப்பிட்டனீங்கள். நான் கலண்டரிலை குறிச்சு வைச்சிருக்கிறன்."

"அது... பசியிலை."

குருக்கள் வானத்தைப் பார்த்தார். "முழுகிற ஆக்கள் முழுகுங்கோ. வெய்யில் ஏறுது."

என் வீட்டுக்காரர் போய், "பையை என்னட்டைத் தாங்கோ ரீச்சர்" என்று வாங்கிக்கொண்டார். நாங்கள் இருவரும் கை பிடித்தபடி இறங்கினோம். மூன்றாம் முழுக்குப் போட்டு எழும்பியதும் ரீச்சர், "நீந்தப் பழக்கிறன் பழக்கிறன் எண்டவ, பிள்ளை. கடைசி வரைக்கும் பழக்கேல்லை" என்றார். எங்கள் வீட்டுப் பெண்களில் நீந்தத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே. பிறகு இரண்டு பேருமாகச் சிரித்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் கோயிலுக்குப் போகிறோம். உனக்குப் புட்டு இறுக்கமாகப் பிடிக்குமா, உதிரியாகப் பிடிக்குமா என்பதில் எங்களுக்கு ஓயாத சண்டை. குண்டு போட வரும் பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கர்க் குழிக்குள் இறங்கினாலும் அது நிற்பதில்லை. அவர்தான் வெல்கிறார். நானும் விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை திருத்தினார். வேறெதிலும் கை வைக்கவில்லை.

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ரீச்சருக்கு இங்கே வேறு ஆட்கள் இல்லை. அவருடைய நாள் வரும்போது, நான் முந்தாமல் இருந்தால், முப்பத்தொரு நாளும் நான் துடக்குக் காப்பேன். பெரியம்மாவுக்காகத் தாங்களும் காப்பதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். என்ன உரித்து என்று யாராவது கேட்டால், என் அக்கா தேடித் தந்த உரித்து என்று சொல்வேன்.

உங்கள் இருவருக்கும் தங்கச்சி,
மலர்