மல்லாட்டைக் கொட்டாயின் கூலி ஓட்டை

ஆடி 8, திங்கள்

காத்து. விடிஞ்சதிலிருந்து ஒரே புழுதி.

வருஷத்தை மொதல்ல சொல்லிடறேன். பாலாத்துல ரெண்டு கரையும் அடிச்சிக்கிட்டு வெள்ளம் போச்சே, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சி. தக்காளியை ஒண்ணு ஒண்ணா எண்ணி வாங்கற ஆடி. நெலாவுக்கு ராக்கெட் விட்டிருக்காங்க, இன்னும் போய்ச் சேரலை. ஆம்பூர்ல என் மருமக எஸ்தர் வேலை பாத்த ஷூ கம்பெனி கேட்டை இழுத்துப் பூட்டினதும் இந்த வருஷம்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபோன்ல பேசினா அதுவா எழுதிக்குது. லாரி ஓட்டப் போன மகனுக்கு மெசேஜ் போடச் சொல்லி எஸ்தர் காட்டிக் குடுத்தா. அவனுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. இது எனக்கு. பம்புசெட் பக்கம் வந்து பேசறேன், இங்க யாரும் இல்ல.

இன்னிக்கு வேலை: மல்லாட்டைக் கொட்டாயைக் காலி பண்ணது. ஏரிக்கரைல பெரிய வீட்டுக்காரங்க மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொட்டி வெக்கற கொட்டாய். வெளிய வந்தது: மக்கிப் போன சாக்கு. எலிக் கூடு. தானியம் அளக்கற ஒடஞ்ச மரக்கா. பாம்புச் சட்டை ரெண்டு. தேள், கணக்கு இல்ல.

பெரிய வீட்டுப் பேரன் ரகு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு வந்திருக்கான். வில்லு அம்பு விடறதுல பைத்தியம். இந்தக் கொட்டாயை வில்லுப் பட்டறை ஆக்கறான். ஆளுக்கு ஒரு மேஜை, சாமான் எல்லாருக்கும் பொது, செஞ்சதைச் சேர்ந்து விக்கறது. மூங்கில் வில்லுக்குப் பள்ளிக்கூடத்துப் போட்டியில கிராக்கி இருக்குதாம். எஸ்தருக்கு ஒரு மேஜை குடுத்திருக்கான். வில்லுக்கு நடுவுல தோல் கைப்பிடி தெக்கற வேலை.

டீக்கடையில ஒருத்தன், "இன்னாக்கா, வில்லா? ராஜா காலம் திரும்பி வருதா?" எஸ்தர்: "உங்க ஊட்டு கொசுவுக்கு ஒண்ணு செஞ்சி தரட்டா?" கடையே சிரிச்சுது.

சாக்கு எல்லாம் எடுத்ததும் பின் சுவத்துல அந்த ஓட்டை தெரிஞ்சுது. ரகு கையை உள்ள உட்டுப் பாத்தான். "அந்தக் காலத்து ஆளுங்க மூளையப் பாருங்க. மல்லாட்டை பூஞ்சை புடிக்காம இருக்கக் காத்துக்கு ஓட்டை வெச்சிருக்காங்க."

"காத்துக்கு இல்ல தம்பி"ன்னேன். அவன் அதுக்குள்ள ஃபோன்ல பேசிக்கிட்டு வெளிய போய்ட்டான். எஸ்தர்கிட்ட சொன்னேன். "மாமா, மொதல்ல அந்தச் சாக்கோட மூலையப் புடிங்க"ன்னா.

ஆடி 10, புதன்

காத்து கொறையலை. முட்டி வலி. சுண்ணாம்பு அடிக்கறாங்க.

காத்துக்காம். காத்துக்கு ஓட்டை வெக்கறவன் மேல வெப்பான். இது இடுப்புக்குக் கீழ இருக்குது. குனியணும்னே வெச்சது.

அது கூலி ஓட்டை. பொழுது சாயறப்ப காலனி ஆளுங்க எல்லாம் பின்னாடி வரிசையா வரணும். குனிஞ்சி, ஆம்பளைன்னா துண்டு, பொம்பளைன்னா முந்தானை, ஓட்டைக்கு நேரா ஏந்தணும். உள்ள இருந்து படி கவுறும். கேவுரு, இல்லன்னா கம்பு. மூஞ்சி தெரியாது. கை மட்டும் தெரியும். கொறைஞ்சா யாரைக் கேக்கறது? கையைக் கேக்க முடியுமா?

மூட்டையத் தூக்கிக்கிட்டு முன்வாசல்ல போயி உள்ள அடுக்கினது யாரு? நாங்கதான். அப்பப் போலாம். அடுக்கிட்டு வெளிய வந்ததும் சாணித் தண்ணி தெளிப்பாங்க. கூலி வாங்க மட்டும் பின்பக்கம்.

என் பொண்டாட்டி ரூத்து கல்யாணமாயி வந்த மறுநாள் அங்க குனிஞ்சா. முந்தானைல புதுப் பொடவையோட கஞ்சி மொடமொடப்பு இருந்துச்சி. கேவுரு வழுக்கிக் கீழ கொட்டிடுச்சி. மண்ணுல இருந்து பொறுக்கினோம். 

மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு. உப்பு ஜாஸ்தி.

ஆடி 13, சனி

வெய்யில். மலையில இருந்து வெள்ளையன்னு ஒரு மலைக்காரன் மூங்கிலோட வந்தான். ஒடுகத்தூர் வரைக்கும் வேன், அங்கிருந்து மாட்டு வண்டி. எஸ்தரை விட ரெண்டு மூணு வயசு மூப்பு இருப்பான். கெட்டி மூங்கில், உள்ள பொக்கு இல்லாதது. பொளந்து, நெழல்ல ஒணத்தி, தணல்ல வாட்டி வளைக்கறான். அவனும் பட்டறையில ஒரு ஆளு, சம பங்கு. ரகுவே சொன்னான்.

ஆனா மேஜை? எல்லாருக்கும் உள்ள. வெள்ளையனுக்கு வேப்பமரத்தடியில. ஏன்டான்னா குப்பை ஜாஸ்தியாம். உள்ள செவப்பு சிமெண்டுத் தரை போட்டு எண்ணெய் தேச்சிருக்காங்க, மூஞ்சி பாக்கலாம். செருப்பு கூடாது.

வெள்ளையன் என்கிட்ட, "பெரியவரே, அந்தத் தரையில நடந்தா எனக்கே பயமா இருக்குது. இங்க காத்து வருது, உடுங்க." சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரலை.

சாயங்காலம் வேலூர்ல இருந்து கார்ல ரகுவோட அம்மா வந்தாங்க. தரையப் பாக்கறதுக்கு. என்னைப் பாத்து, "நல்லா இருக்கியாடா சாமிக்கண்ணு?"

"இருக்கேம்மா."

எழுவத்தாறு வயசுல ஒரு டா. போகட்டும்.

இவங்க கைதான் அந்தக் கை. மருமகளா வந்ததிலிருந்து உள்ள ஒக்காந்து படி போட்டது இவங்கதான். நெஜத்தைச் சொல்லணும்: மாமனார் போட்ட வரைக்கும் தலை தட்டின படி. இவங்க வந்தப்புறம் கும்பாச்சியா வரும், படி கொறைஞ்சதே இல்ல. அதுக்காக ஓட்டை வாசக்காலாயிடுமா?

பின் சுவத்தைப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. ரகு, "காத்துக்கும்மா, எப்படி யோசிச்சிருக்காங்க பாரு"ன்னான். நேரா கார்ல போய் ஏறிக்கிட்டாங்க.

ஆடி 15, திங்கள்

கோவம். 

காலையில ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் பின்பக்கம் போனேன். கொட்டாய்ப் பின்னாடி, கூலி ஓட்டைகிட்ட, வெள்ளையன் குந்திக்கிட்டிருக்கான். பொளந்த மூங்கிலை ஒண்ணு ஒண்ணா ஓட்டை வழியா உள்ள தள்றான். உள்ள இருந்து யாரோ இழுக்கறாங்க. தள்ளி முடிச்சான். ஓட்டையிலிருந்து ஒரு கை வந்துச்சி. டீ கிளாஸ். அவன் குனிஞ்சி வாங்கிக்கிட்டான். அந்தக் கை உள்ள போயி திரும்பி வந்துச்சி. சுருட்டின ரூபா. மூங்கிலுக்கு. அதையும் குனிஞ்சி வாங்கிக்கிட்டான்.

கையில ஊசி குத்தின தழும்பு. எங்க ஊட்டுக் கை. எஸ்தர்.

கத்தினேன். இன்னா கத்தினேன்னு எனக்கே தெரியாது. ஆடு பயந்து ஓடிடுச்சி. எஸ்தர் முன்வாசல் வழியா ஓடியாந்தா.

"மாமா! கத்தாதீங்க, இன்னா ஆச்சி?"

"எந்திரிடா வெள்ளையா. மொதல்ல எந்திரி."

"எனக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே. மூங்கில் நீளம். சுத்திக்கிட்டுப் போனா தரை அழுக்காவுதுன்னு சொன்னாங்க. இது சுலபம்."

"யாரு சொன்னது?"

எஸ்தர் தலையக் குனிஞ்சிக்கிட்டா. "ரகு சார்தான். ஆனா இதுல இன்னா மாமா? மூங்கில் உள்ள வரணும், டீ வெளிய போணும். அவ்ளோதானே? கத்தி கித்தி என் மேஜைக்கு ஒலை வெச்சிடாதீங்க."

"உன் மாமியா முந்தானை ஏந்தின எடம் இது. அன்னிக்கே சொன்னேன். நீ சாக்கோட மூலையப் புடிங்கன்ன."

அவ மூஞ்சி மாறிடுச்சி. "அத்தை என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

"ஊரைக் கூட்டிச் சொல்லிக்கற சமாச்சாரமா இது?"

வெள்ளையன் டீயைக் கீழ வெச்சிட்டான். பாதி குடிச்சது.

ராத்திரி வீட்டுல சோறு தின்னோம். தட்டு மட்டும் சத்தம் போட்டுச்சி.

ஆடி 16, செவ்வாய்

ரகுகிட்ட நேரா போனேன். பதினெட்டு அன்னிக்கித் தெறப்பு விழா. அதுக்குள்ள ஓட்டைய மூடு, செங்கல்லு நானே வெச்சிக் குடுக்கறேன்னேன்.

"அய்யா, தப்பா நெனச்சிட்டிருக்கீங்க. எங்க தாத்தா அப்படிப்பட்டவர் இல்ல. ஊருக்கே சோறு போட்டவர்."

"ஆமா தம்பி. இந்த ஓட்டை வழியாத்தான் போட்டாரு."

சிரிச்சான். மரியாதையாச் சிரிக்கறான், அதான் பேஜாரு. திட்டினாக்கூட திருப்பித் திட்டலாம். ஓட்டைக்குக் கண்ணாடி போட்டு உள்ள லைட்டு வெக்கப் போறானாம். பெங்களூர்ல இருந்து வர்றவங்க ஃபோட்டோ எடுக்க.

சாயங்காலம் எஸ்தரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கான். வந்து நின்னுக்கிட்டே சொன்னா: "மாமாவக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னாரு. மேஜை கேட்டு நெறைய பேர் காத்திருக்காங்கன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"போயி ஊசியக் கையில எடுத்துக்கிட்டேன்."

கம்பெனியில இவ நின்னுக்கிட்டே வேலை செஞ்சவ. பாத்ரூம் போவக்கூட சூப்பர்வைசர்கிட்ட டோக்கன். இங்க ஜன்னலோரம் மேஜை, ஒக்காந்து வேலை. குடுத்த அன்னிக்கித் துணி வெச்சித் தொடச்சிக்கிட்டே இருந்தா. தூசியே இல்ல. தொடச்சா. இவ தெச்ச கைப்பிடியப் புடிச்சிப் பாத்துட்டு, வில்லைப் பாக்க வந்த வேலூர்ப் பசங்க, வேர்த்தாலும் கை வழுக்கலைக்கான்னு சொன்னானுங்க. அன்னிக்கி ரெண்டு தடவ சோறு போட்டுக்கிட்டா.

அது போயிடும். என் வாயால போயிடும். தெரியாமலா இருக்குது எனக்கு?

வாய மூடிக்கிட்டு இருந்துடலாமான்னு யோசிச்சேன். வெள்ளையன் குனிஞ்சது ஞாபகம் வருது. சரியா ரூத்து குனிஞ்ச மாதிரியே. இடுப்பை ஒடிச்சி, மொகத்தைப் பக்கவாட்டுல திருப்பி. அந்த ஓட்டைகிட்ட வேற மாதிரி குனிய முடியாது.

ஆடி 17, புதன்

தூறல், பத்து மணி வரைக்கும். அப்புறம் வெய்யில்.

வேப்பமரத்தடியில இருந்து பாத்தேன். வெள்ளையன் மூங்கில் கட்டைத் தோள்ல வெச்சிக்கிட்டுப் பின்பக்கம் திரும்பினான். எஸ்தர் வந்து கட்டோட மறுமுனையத் தூக்கிக்கிட்டா. முன்வாசல் பக்கம் நடக்கறா.

வாசப்படியில அவன் நின்னுட்டான். "காலு சேறுக்கா."

"நான் உங்களுக்குச் சின்னவ. அக்கான்னு சொல்லி வயச ஏத்தாதீங்க. எங்காலும் சேறுதான். வாங்கண்ணா."

போனாங்க. செவப்புத் தரையில ரெண்டு வரிசை சேத்துக் காலு. மேஜை வரைக்கும். ரகு பாத்தான். தொடைக்கற ஆளைக் கூப்பிட்டான்.

  ராத்திரி எஸ்தர் சோத்துக்கு முட்டை பொரிச்சி வெச்சிருந்தா.

ஆடி 18, வியாழன்

பதினெட்டாம் பெருக்கு. மழை இல்ல. கொட்டாய்ப் பின்னாடி பந்தல் போட்டிருந்தாங்க, ஆம்பூர்ல இருந்து ரெண்டு தேக்ஸா பிரியாணி. வாசனை ஏரிக்கரை தாண்டி அடிச்சுது. கார் பத்துக்கு மேல. மொத வரிசையில பிளாஸ்டிக் சேர், ரகுவோட அம்மா பச்சைப் பொடவையில.

ரகு மைக்குல பேசினான். மூங்கில், மண்ணு, முன்னோருங்க. அப்புறம் எல்லாருக்கும் பின் சுவத்தைக் காட்டினான். கண்ணாடி, உள்ள மஞ்ச லைட்டு. "எங்க தாத்தாவோட அறிவு. தானியம் மூச்சு விடணும்னு..."

"தம்பி, அது கூலி ஓட்டை"ன்னேன்.

சத்தமா இல்ல. ஆனா மைக்குல விழுந்துடுச்சி.

ரகு அதே சிரிப்பு. "அய்யாவுக்கு வயசாயிடுச்சி. நம்ம வீட்டுப் பழைய ஆளு. ஒக்காருங்கய்யா, பிரியாணி ரெடி."

சில பேர் சிரிச்சாங்க. அப்ப எஸ்தர் எந்திரிச்சா. கையில பாதி தெச்ச கைப்பிடி, ஊசி அதுலயே தொங்குது.

"சார், எங்க மாமா சொல்றது பொய்யின்னா, என் மேஜையை இப்பவே வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

வெள்ளையனும் எந்திரிச்சான்.  அவ பக்கத்துல போயி நின்னான், அவ்ளோதான்.

ரகு மூஞ்சியில இருந்து சிரிப்பு போச்சி. அது போனதுல எனக்கு ஒரு சந்தோஷம், மறைக்கலை. "யாரு வேணா என்ன வேணா சொல்லலாம்க்கா. இவர் சொல்றார், சரி. வேற யாரு பார்த்தாங்க? ஒருத்தராவது இருக்காங்களா?"

கேட்டியா, நல்லா கேட்ட. சொன்னேன். அங்கயே, வரிசையா.

முனியன். அந்த ஓட்டையில வாங்கின கேவுரைத் துண்டுல முடிஞ்சிக்கிட்டு ஏரியில எறங்கிக் குளிச்சவன். செத்துட்டான், தோல் பதனிடற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில நின்னு நின்னு காலு புண்ணாகி.

சின்னப்பொண்ணு. வயித்துப் புள்ளையோட குனிஞ்சவ. அந்தப் பிரசவத்துலயே போய்ட்டா.

ஏசுதாஸ். உன் தாத்தா படி போட்ட காலத்துல, ஒரு தடவை படி கொறைஞ்சிதுன்னு ஓட்டைக்குள்ள கையவுட்டவன். அப்புறம் ஊர்ல அவனுக்கு வேலையே இல்ல. பெங்களூர்ல கட்டட வேலை, அங்கயே போய்ட்டான்.

கன்னியம்மா. வாலாஜாபேட்டை மக வீட்டுல, போன பொங்கலுக்குப் போய்ட்டா.

என் ரூத்து.

அளந்து குடுக்கச் சொன்ன உன் தாத்தா, போய்ட்டாரு. கணக்குப்புள்ளை, போய்ட்டாரு.

வெளிய நின்னதுல நான் ஒருத்தன். நான் கெழவன், என்னை விடு. உள்ள ஒக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தர் மிச்சம் இருக்காங்கன்னேன்.

 பச்சைப் பொடவை அசையலை. ரெண்டு கையும் மடியில, ஒண்ணு மேல ஒண்ணு.

எங்க ஆளுங்க வாயில அவங்க பேரு வந்ததே இல்ல. சின்னம்மான்னுதான் சொல்லணும். அப்புறம் பெரியம்மா. நான் விரலை நீட்டலை. மரியாதை கொறைக்கலை. பேரைச் சொன்னேன், அவங்க மூஞ்சியப் பாத்து.

ராஜேஸ்வரி.