கோரினுக்குப் பூசிய நிறம்

மார்ச் 4, 1947. ஸ்பிரிங்ஃபீல்ட்

தியேட்டர்காரன் இன்று ஒத்திகையில் எங்கள் குழுத்தலைவர் ஹோசியா அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினான். கறுப்பனுக்குப் பெண்டாட்டியாக வெள்ளைக்காரி ஒருத்தி மேடையில் நின்றால் ஊர் பற்றி எரியும், யார் பொறுப்பு என்றான். அவள் வெள்ளைக்காரி இல்லை, பார்க்க அப்படி இருந்தாலும் எங்கள் கறுப்பு ஆள்தான், இதோ அவள் கூடப்பிறந்த தங்கை என்று அண்ணன் என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். அவன் என்னைப் பார்த்தான், கோரினைப் பார்த்தான், சிரித்தான். அவளைக் கறுப்பாக்கினால்தான் திரை ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாடகக் குழுவில் ஒப்பனை என் வேலை. கோரின் கதாநாயகி. அவள் நோயில் படுத்துவிட்டால் நடிக்க அவள் வசனம் முழுவதையும் நான் பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். அவள் இதுவரை ஒருநாளும் படுத்ததில்லை.

எவ்வளவு கறுப்பு என்று கேட்டேன். "உன் அளவுக்கு," என்றார் அண்ணன்.

என் கையை அவள் கன்னத்தோடு ஒட்டிவைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை சாயத்தைக் கலந்தேன்.

மார்ச் 5

பூசும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மூச்சு முட்டுதுடி டெல்லா," என்றாள்.

எனக்கு முட்டுகிறதா என்று இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்களா?

மார்ச் 12. செயின்ட் லூயிஸ்

நாடகம் முடிந்ததும் வசனத்தின் கடைசி வார்த்தை வாயில் இருக்கும்போதே ஓடிவந்து சாயத்தைக் கரைக்கும் கோல்டு கிரீமை அப்பித் துடைக்கிறாள். தோல் சிவக்கும் வரை துடைக்கிறாள். துண்டு முழுக்க என் நிறம். துவைப்பதும் நான்தான்.

மார்ச் 20

வழியில் எந்த ஓட்டலிலும் எங்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் எப்போதும் கோரின்தான் போய் எல்லாருக்கும் சாண்ட்விச் வாங்கிவருவாள். அவளை யாரும் தடுப்பதில்லை. இன்று போனவள் வரவில்லை. பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மேஜையில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! பரிமாறுகிறவள் குனிந்து காப்பி ஊற்றுகிறாள். நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் எங்கள் பொட்டலங்களோடு வந்தாள். என் சாண்ட்விச்சை நான் பிரிக்கவில்லை.

எங்கள் ஊர் சின்சினாட்டியில் அம்மாவும் இப்படித்தான். அம்மாவுக்கும் கோரினின் நிறம். கடைத்தெருவுக்கு அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள், பெரிய கடைகளில் இருவரும் தொப்பி போட்டுப் பார்ப்பார்கள். நானும் அப்பாவும் எதிர்ச்சாரியில் நிற்போம், தெரியாதவர்கள் மாதிரி. அப்பா எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருவார். இன்றைக்கும் எனக்கு வேர்க்கடலை பிடிக்காது.

ஏப்ரல் 3. இண்டியானாபொலிஸ்

தொலைபேசியில் அம்மா. கோரின் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"என் பொண்ணு மூஞ்சில கரியப் பூசுறியாமே? நான் பத்து மாசம் சுமந்து பெத்த மூஞ்சிடி அது."

என்னை எத்தனை மாதம் சுமந்தாளாம்?

ஏப்ரல் 9

கோரின் போய்விட்டாள்.

கலிபோர்னியாவில் ஒரு வெள்ளைக்காரக் குழுவில் வேலையாம். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. நான் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மாகிட்ட நான் செத்துட்டேன்னு வேணா சொல்லு."

"ரோட்ல பார்த்தா பேசுவியா அக்கா?"

கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள். ரயில் நிலையத்துக்கு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் நடைமேடை ஏறியதும் எனக்குக் கூலி கொடுப்பதுபோல ஒரு நாணயம் நீட்டினாள் — பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். வாங்கிக்கொண்டேன். என்ன செய்திருக்க வேண்டும்? அவள் காலடியில் விட்டெறிந்திருக்க வேண்டுமா? எறிந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாளே.

இரவு அவள் பாத்திரத்தில் நான் நடித்தேன். சாயம் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 19. சின்சினாட்டி

நாளை அம்மா நாடகம் பார்க்க வருகிறாள். சுவரொட்டியில் கோரின் பெட்டிஃபோர்ட் என்றுதான் இருக்கிறது. ஹோசியா அண்ணன், கோரின் போனதை அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று வற்புறுத்தினார். வீடுவரை போனேன், விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தைரியம் இல்லாமல் என்று சொன்னால் பொய். சொன்னால் அவள் வரமாட்டாள். ஒரு தடவையாவது நான் நடிப்பதை அவள் பார்க்கட்டும்.

ஏப்ரல் 20

எழுதத்தான் வேண்டும்.

அம்மா முன்வரிசை. அவள் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆள் நிழலாகத்தான் தெரியும். எனக்கும் கோரினுக்கும் ஒரே குரல், ஒரே உயரம். இது எனக்குத் தெரியாததா? கடைசி அங்கத்தில் வீட்டைவிட்டுப் போன மகள் திரும்பிவந்து தாயின் காலில் விழுவாள். விழுந்தேன். அம்மா வாய்விட்டு அழுதது மேடைவரை கேட்டது.

முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோல்டு கிரீம், வெள்ளைக் கைக்குட்டை.

"உக்காரு கண்ணு. இந்தக் கண்றாவிய நான் துடைச்சு விடறேன்."

என்னை அவள் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிரீமைக் கன்னத்தில் தடவி, தாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் துடைத்தாள். சின்ன வயதில் கோரினுக்குத் துடைத்துவிடுவது போலவே. கைக்குட்டையை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. மறுபடி அழுத்தித் துடைத்தாள். வலித்தது.

"என்ன எழவுடி இது, போகவே மாட்டேங்குது."

"போகாதும்மா. நான் டெல்லா."

கை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே கன்னத்தில் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"கோரின் எங்க?"

அவ்வளவுதான் கேட்டாள்.

ஏப்ரல் 21

காலையில் எல்லாவற்றையும் சொன்னேன், நாணயத்தைத் தவிர. அம்மா அழவில்லை. தேவாலயத்துப் பெண்கள் கோரின் பிரமாதமாக நடித்தாள் என்று வீடு தேடிவந்து சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"போஸ்டர்ல அவ பேரே இருக்கட்டும். பேரு இருந்தா அவ நம்மகிட்ட இருக்கான்னு இருக்கும்," என்றாள்.

அப்போ நான் எங்கேம்மா இருக்கேன்? கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். பாவம் என்று இருந்தது. அதுதான் எரிச்சலாகவும் இருக்கிறது.

ஜூன் 15. டேட்டன்

கோரின் என்று கூப்பிட்டுப் பூங்கொத்து கொடுத்தார்கள். நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 30

புதுச் சுவரொட்டி அச்சடிக்கிறார்கள். யார் பெயர் என்று அண்ணன் கேட்டார். என் முழுப்பெயர், அர்டெல்லா பெட்டிஃபோர்ட் என்றேன். சின்சினாட்டியிலுமா என்றார். அங்கேதான் முதலில் என்றேன்.

அக்டோபர் 11. சின்சினாட்டி

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்திருந்தாள். சுவரொட்டியைப் பக்கத்துவீட்டுக்காரி வாசித்துக் காட்டியிருக்கிறாள். நாடகம் முடிந்து பின்வாசலில் காத்திருந்தாள்.

"நல்லா பண்ணின," என்றாள். கையை நீட்டி என் கன்னத்தை ஒருமுறை தடவினாள். பிறகு, தன்னையறியாமல்தான் இருக்க வேண்டும், விரலைத் தெருவிளக்கில் தூக்கி, சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.