பாதித் துண்டு லேஸ்

அண்ணி,

உங்களைக் கொன்றது இறக்குமதி வரி. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் இதய வால்வு என்று எழுதியிருந்தார்கள். அந்த வால்வை வைத்துக்கொண்டு நீங்கள் பல வருடம் தண்ணீர் தூக்கினீர்கள், தையல் மெஷின் மிதித்தீர்கள், அண்ணனை வாய் ஓயாமல் திட்டினீர்கள். அப்போதெல்லாம் சாகவில்லை. வெளிநாட்டு லேஸுக்கு வரியை ஏற்றிய அந்த வருடம், கோடை முடிவதற்குள் செத்துப்போனீர்கள். இதை நான் சொன்னால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இன்று காலை எலிசம்மா வந்தார். அண்ணனோடு மில்லில் நூற்புப் பிரிவில் இருந்து வேலை போனவரின் மனைவி, உங்களுக்கு நினைவிருக்கும். ஜெபப் புத்தகத்தைத் திறந்து, நடுப் பக்கத்தில் குத்தியிருந்த விரல் நீள லேஸ் துண்டைக் காட்டினார். குண்டூசியின் துரு தாளில் இறங்கியிருந்தது. லேஸில் இறங்கவில்லை. அது இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"உங்க அண்ணி குடுத்தது தம்பி. பெரியவளுக்கு இதுலதான் தெச்சாங்க. சின்னவளுக்கு இந்த வருசம் புதுநன்மை. இதே லேஸு போட்டுக் குடுத்துடுங்க."

"பெரியவ கவுனு இருக்குமே?"

"எங்க இருக்குது? தெருவுல அத்தன புள்ளைங்களும் இரவல் வாங்கிப் போட்டு, நாரா கிழிஞ்சிபோச்சி."

நான் உள்ளே போய் லேஸை எடுத்து வருவேன் என்று அவர் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே என்ன இருக்கிறது? ஜன்னல் ஓரத்தில் உங்கள் மெஷின் இருக்கிறது. அதன் மேல் அண்ணன் தன் சட்டையைப் போடுகிறான்.

நீங்கள் தொழில் செய்த விதத்தில் அப்போதே எனக்குச் சம்மதம் இல்லை. மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளை ஜனவரியிலேயே தாய்மார்கள் அழைத்துவருவார்கள். அளவு எடுப்பீர்கள். விலை சொல்வீர்கள். பிறகு புது லேஸில் ஒரு துண்டை வெட்டி, அதை இரண்டாக்கி, பாதியை அந்தத் தாயிடம் கொடுப்பீர்கள், மறுபாதியை அளவுச் சீட்டில் குத்திவைப்பீர்கள். மே மாதம் கவுன் வாங்க வரும்போது அவர்கள் தங்கள் பாதியைக் கழுத்துப் பட்டையில் வைத்துப் பார்க்கலாம். வேறு லேஸாக இருந்தால் கவுன் வேண்டாம் என்று போய்விடலாம். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்தப் பாதித் துண்டுதான் பேச்சு.

"இப்பவே வெலைய சொல்லிட்டா, நடுவுல ஏறினா என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"ஏறினா ஏறட்டும். துண்டு குடுத்துட்டேன் இல்ல?"

அந்த லேஸ்தான் வேண்டும் என்பதற்கு உங்களிடம் காரணம் இருந்தது. உள்நாட்டு லேஸில் ஒரு வருடம் தைத்துப் பார்த்தீர்கள். ஒரு முறை துவைத்ததும் கம்பியாக விறைத்தது. மே வெயிலில் கோயிலுக்குள் நின்ற பிள்ளைகளுக்குக் கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடித்துப்போனது. நன்மை வாங்கும்போது ஒரு பெண் அழுதாள். பக்தியில் அழுகிறாள் என்று பங்குச் சாமியார் நினைத்துக்கொண்டார். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த லேஸைத் தொடவில்லை. பிரான்சிலிருந்து வரும் பருத்தி லேஸைச் சென்னை வியாபாரியிடம் வாங்கினீர்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். "வரிசையில போறப்ப மதாம் வீட்டுப் புள்ள எது, மில்லுக்காரன் புள்ள எதுன்னு தெரியக்கூடாது தம்பி. அன்னிக்கு ஒரு நாளாச்சும்." மதாம் என்று நீங்கள் சொன்னது பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பத்துப் பெண்களை. அவர்கள் பாரீஸிலிருந்து பெட்டியில் லேஸ் கொண்டுவருவார்கள். நம்முடையது உழவர்கரையில் ஓட்டு வீட்டில் மூன்று பெண்கள் தைத்தது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. ஒவ்வொரு கவுனிலும் கழுத்தின் உள்பக்கம் வெளிர் நீல நூலில் ஒரு புறா போடுவீர்கள். கடைத்தெரு ஜவுளிக்காரர் அந்தப் புறாவை எடுத்துவிட்டுத் தன் கடைப் பெயரை வைத்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். "அவரு பேர வேணும்னா அவரு முதுகுல எழுதிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஊரில் அதற்குப் புறா மார்க் கவுன் என்றே பெயர் வந்துவிட்டது.

பட்ஜெட் அன்று சாயங்காலம் ரேடியோவை நான்தான் வைத்தேன். நீங்கள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆடம்பரப் பொருள்களின் இறக்குமதி வரி உயர்வு என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், லேஸ்.

"லேஸுன்னா சொன்னாங்க?"

"ஆமா அண்ணி."

"வேற எதுனா இருக்கும். நாம வாங்குறது புள்ளைங்களுக்கு இல்ல?"

மறுவாரம் சென்னைக்குப் போனோம். வியாபாரியின் அலமாரியில் பழைய சரக்குதான் இருந்தது, பழைய வரி கட்டி வந்தது. அதையும் புது விலைக்குத்தான் விற்றான். ஏன் என்று கேட்டேன். "அடுத்த சரக்கு இந்த வெலைக்குத்தானே தம்பி வரும்" என்றான். வரி அரசாங்கத்துக்குப் போகும் முன்பே அவன் பைக்குள் போனது. பாதி அளவு லேஸை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அளவு கொடுத்துப் போன எல்லாத் தாய்மார்களிடமும் துண்டு இருந்தது. பாதிப் பேர் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தார்கள்.

விலையை ஏற்றுங்கள் என்றேன். மாட்டேன் என்றீர்கள். உள்நாட்டு லேஸைப் போடுங்கள், வரி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்றேன். "மதாமுங்க பெட்டியில கொண்டாருவாங்க. அதுக்கு வரி கெடையாது. அப்ப யாரு புள்ள கழுத்து தடிக்கும்?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார்.

"ஏற்றுமதி பண்றீங்களா?"

"இல்ல சார். இங்கயே, நம்ம ஊரு புள்ளைங்களுக்கு."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதே. தெச்சி வெளிநாட்டுக்கு அனுப்புனா லேஸுக்குக் கட்டுன வரி திரும்பக் கெடைக்கும். இங்க விக்கிறதுக்குக் கெடையாது."

"அதே லேஸு, அதே கவுனு. பாரீசுல ஒரு புள்ள போட்டா வரி இல்ல. உழவர்கரையில போட்டா வரியா சார்?"

"உள்நாட்டு மில்லுங்களக் காப்பாத்தணும் இல்ல தம்பி? காடாத் துணியில தெச்சிப் போட்டா நன்மை குடுக்க மாட்டாங்களா என்ன?"

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். "அவரு பொண்ணுக்குக் காடாவுல நான் சும்மாவே தெச்சித் தர்றேன்னு சொல்லிட்டு வர்றதுதானே?" என்றீர்கள். அண்ணன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எங்கள் மில்லையும் காப்பாற்றுவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காப்பாற்றிய அழகை அண்ணனின் சம்பள நாளில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நீங்கள் செய்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் வீடுவீடாகத் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் வேலை வாங்கினீர்கள். அந்தக் கூலியில் மிச்ச லேஸை வாங்கிவிடலாம் என்பது உங்கள் கணக்கு. மூட்டை வந்து இறங்கியது. பிரித்தால் பிரான்சுக்குப் போகும் சின்னப் பிள்ளைக் கவுன்கள், கூடவே சுருள் சுருளாக லேஸ். அதே லேஸ், அண்ணி. நாம் சென்னையில் பாதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிய அதே லேஸ், நம் வீட்டுத் தரையில் மூட்டையாகக் கிடந்தது. கெஜம் கெஜமாக அளந்து கொடுத்திருந்தான். வெட்டி விழும் துணுக்கைக்கூடத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் வரி திரும்பக் கிடைக்காது என்றான்.

"கொஞ்சம் எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது அண்ணி" என்றேன்.

"தெரியாதுதான். அளந்து குடுத்தவன் வேலை போயிடும். அவனும் நம்மள மாரிதான்."

"அவன் நம்மள மாரின்னா, நாம யாரு மாரி?"

"போடா, போய் நூலு வாங்கிட்டு வா."

பகலெல்லாம் மெஷின் மிதித்தீர்கள். கோரிமேட்டு டாக்டர் மிதிக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் படுக்கை கிடைத்து, வந்து சேரச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும், எத்தனை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து அதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்றும் தெரியும். அண்ணன் கெஞ்சினான். நான் மெஷின் பெல்ட்டைக் கழற்றி ஒளித்துவைத்தேன். "புதுநன்மை முடியட்டும், போயிப் படுத்துக்கிறேன்" என்று பெல்ட்டைத் தேடி எடுத்து நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். படுக்கை வேறு யாருக்கோ போனது.

கூலி வந்தது. லேஸ் வந்தது. புறா மார்க் கவுன் ஒவ்வொன்றாக முடிந்து கயிற்றில் தொங்கியது. புதுநன்மைக்கு முந்திய வாரம், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, மெஷின் சத்தம் நின்றது. தண்ணீர் குடிக்கப் போனீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மெஷின் மேல் சாய்ந்திருந்தீர்கள். உங்கள் கன்னத்துக்கு அடியில் இருந்தது கம்பெனிக் கவுன். கோரிமேட்டுக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிவதற்குள் ஏஜெண்ட் வந்தான். வாசலில் உட்கார்ந்து லேஸை அளந்தான். துணுக்குகளை ஒரு பையில் கட்டி வைத்திருந்தீர்கள், அதையும் சேர்த்தான். "எல்லாம் சரியா இருக்குது. நல்ல அம்மா" என்றான். அவன் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனை அடிக்க எழுந்தேன், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த வரி கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, கதவருகே நின்றேன். பிள்ளைகள் கையைக் கூப்பிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். எலிசம்மாவின் பெரிய பெண்ணைத் தேடினேன். எது மதாம் வீட்டுப் பிள்ளை, எது மில்லுக்காரன் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பிள்ளையும் கழுத்தைச் சொறியவில்லை.

அதற்குப் பிறகு வரி இறங்கவே இல்லை. தைத்துக் கொடுத்த மற்ற இரண்டு பெண்களும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். கடைத்தெருவில் பம்பாய் கவுன்கள் பாலித்தீன் பையில் தொங்குகின்றன. வருடா வருடம் அந்த அலுவலகத்துக்கு மனு போடுகிறேன். உழவர்கரைப் பிள்ளைக்கும் அந்த வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் மனு. காடாத் துணி யோசனை சொல்லக்கூட இப்போது அங்கே யாரும் இல்லை. வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்று எலிசம்மாவிடம் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூட வந்திருந்த சின்னவள் அம்மாவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள். கழுத்தைத் தானாகவே நிமிர்த்தி, அளவு எடுக்கத் தயாராக நின்றாள். அக்காவுக்கு நீங்கள் அளவு எடுத்த கதையைச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

நான் டேப்பை எடுத்தேன், அண்ணி. கழுத்து, தோள், நீளம். விலை கேட்டார், உங்கள் பழைய விலையைச் சொன்னேன். பிறகு என் கை தானாக அந்த லேஸ் துண்டை வாங்கி இரண்டாக வெட்டியது. பாதியை அவரிடம் கொடுத்தேன். அதை அதே பக்கத்தில், அதே துருப்பிடித்த ஊசியால் குத்திக்கொண்டு போனார்.

மறுபாதி என் சட்டைப் பையில் இருக்கிறது. கடையில் இல்லை, சென்னையில் கைக்கு எட்டும் விலையில் இல்லை, திருடவும் நீங்கள் விடவில்லை. இந்த வருடப் பட்ஜெட் இன்னும் வரவே இல்லை, அதில் வரி இன்னும் ஏறலாம். துண்டு கொடுத்தாகிவிட்டது. மிச்ச லேஸுக்கு நான் எங்கே போவது? சொல்லுங்கள் அண்ணி.