கூடாரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் எல்லாமும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வழக்கமாகக் கடிதம் எழுதுவது அம்மா, கடைசி வரியில் 'அப்பாவும் விசாரித்தார்' என்று எனக்கு ஒரு மூலை ஒதுக்குவாள். இந்த முறை நானே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஆரம்பிக்கிற கதையை அவள் பாதியில் பிடுங்கி முடித்துவிடுவாள், அதுவும் நான் முட்டாளாகத் தெரிகிற இடத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்வாள். இந்தக் கதையில் அப்படிப்பட்ட இடம் நிறைய இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுவது மரியாதை.

அன்றைக்கு நீ போன் செய்து, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற தம்பியின் அப்பா அம்மா முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களுக்குத் தோதான ஒரே நாள் கூடாரப் பண்டிகையின் மூன்றாம் நாள் என்று சொன்னாய். அப்புறம், "அப்பா, இந்த ஒரு வருஷம் மட்டும் கூடாரம் போடாம இருக்க முடியாதாப்பா?" என்று கேட்டாய். நாலு மாதமாக அவர்கள் கல்யாணத் தேதி பேசாமல் தள்ளிப் போடுவதும், நம்மை ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடாததும், நாம் மேசியாவை நம்பிக்கொண்டே பஸ்கா, எக்காளம், கூடாரம் என்று பைபிளில் யூதர்களுக்குச் சொன்ன பண்டிகைகளையும் அனுசரிப்பதால்தான் என்று நீ பயந்தாய். எனக்கும் அதே பயம்தான். தெருவில் யாராவது, என்ன சார் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிப் போயிட்டீங்களாமே என்று கேட்டால் கேலியாக ஏதாவது சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவேன். மகளின் வாழ்க்கை என்றதும் கேலி வாயில் வரவில்லை. பார்க்கலாம்மா என்று சொல்லி போனை வைத்தேன்.

முப்பத்தொரு வருஷமாக என் பிழைப்பு மொட்டை மாடி ஒழுகாமல் பூசிக் கொடுப்பது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாந்து சீலிங்கைத்தான் பார்ப்பேன், உன் அம்மாவை முதன்முதலில் சந்திக்கப் போன இடத்திலும் அதையேதான் செய்தேன், அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு வருஷத்தில் ஏழு நாள் ஆண்டவர் கொடுத்திருக்கும் வேலை ஓட்டைக் கூரை போடுவது. தழையைப் பரப்ப வேண்டும், நிழல் வேண்டும், ஆனால் நட்சத்திரம் தெரிய வேண்டும், மழை வந்தால் உள்ளே விழ வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எனக்குக் கை அரிக்கும். இந்த வருஷம் சொரிந்துகொண்டேன். நீ கேட்டதில் பாதி, ஆண்டவர் கேட்டதில் பாதி என்று முடிவு செய்து, கூடாரத்தை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாகப் போட்டு, ஒருவேளை அவர்கள் மேலே வந்து மழையும் வந்தால் மானம் போகக் கூடாது என்று தழைக்கு மேலே வேலைக்கு வைத்திருந்த கனத்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரம் முழுக்க டேப் ஒட்டினேன். கண்ணாடி மாதிரி ஷீட், சட்டென்று பார்த்தால் இருப்பதே தெரியாது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிச் சோதித்தும் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. பாவநிவாரண நாளில் பட்டினி கிடந்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்து ஐந்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தத் திருட்டு வேலை. முதல் நாள் சாயங்காலம் முழு நிலா. அம்மா தட்டோடு உட்கார்ந்து மேலே பார்த்தாள். சோப்புத் தண்ணீர் காய்ந்த ஜன்னல் வழியாகத் தெரிவது மாதிரி நிலா கலங்கிப்போய்த் தெரிந்தது. "இது கூடாரம் இல்லைங்க, இது உங்க வேலை" என்றாள். அவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், எடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்கப்புறம் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, சிரிப்பு மட்டும் வரவில்லை. சந்தோஷமாக இருங்கள் என்று கட்டளையாகவே கொடுக்கப்பட்ட பண்டிகையில் என் வீட்டில் இந்த லட்சணம்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு வந்தார்கள். தம்பியின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அல்லவா, பேச்சையும் அளந்து அளந்துதான் பேசுகிறார். அந்த அம்மா இரண்டாம் வகுப்பு டீச்சர், எதையும் நேராகக் கேட்டுவிடுகிறார். ஹாலிலேயே உட்காரவைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் தம்பியின் அப்பா, மாடியில ஏதோ கூடாரம் போடுவீங்களாமே, பையன் சொன்னான், அதைப் பார்க்காம போவோமா என்று எழுந்துவிட்டார். மேலே போய் உட்கார்ந்தோம். அம்மா டீயும் பன்னும் கொடுத்தாள். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் மேசியா வந்ததோட முடிஞ்சுபோச்சுன்னு எங்க போதகர் சொல்வார், நீங்க எதுக்கு சார் செய்யறீங்க?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ரட்சிப்பு வாங்கறதுக்காகச் செய்யலைங்க, அதை அவர் சிலுவையிலேயே கொடுத்துட்டார், பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடினாத்தான் அது நம்ம பிள்ளைன்னு ஆகுமா, நம்ம பிள்ளைங்கறதால கொண்டாடறோம் என்றேன். நாற்பது வருஷம் தலைக்கு மேல் ஒரு தளம் இல்லாமல் வனாந்தரத்தில் ஆண்டவர் தம் ஜனங்களைக் காப்பாற்றினார், பிறகு அவரே நம்மைப் போல் நோகிற உடம்பில் வந்து நம் நடுவில் குடியிருந்தார், இன்னும் ஒரு நாள் வந்து நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறார், அதை நினைத்து ஏழு நாளாவது கான்கிரீட்டை நம்பாமல் வானத்தைப் பார்த்து உட்காருகிறோம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பேச்சு வேகத்தில் கையை வேறு மேலே காட்டிவிட்டேன். அவர் என் விரல் போன வழியே பார்த்தார். "அப்ப அந்த பிளாஸ்டிக் எதுக்கு சார்?" என்றார்.

அம்மா டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் உண்மையைச் சொன்னேன், உங்களுக்காகத்தான், நீங்க எங்களை என்னவோன்னு நினைச்சுடக் கூடாதுன்னு பயந்துட்டேன் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்களுக்காகன்னா எடுத்துடுங்க, நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன் என்று எழுந்தார். அவர் பிடிக்க, நான் ஏறி டேப்பைக் கிழித்து ஷீட்டை உருவிப் போட்டேன். அரை மணி நேரம் இருக்காது, பிடித்துக்கொண்டது பார் மழை. டீச்சர் தலையில், பன் தட்டில், அவர் கண்ணாடி மேல், எங்கே பார்த்தாலும் சொட்டு. நான் கூசிப்போய் நிற்கிறேன், அவர் நனைந்த கண்ணாடியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். டீச்சர் அவரைப் பார்த்து, "இப்பவாவது சொல்லிடுங்களேன்" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. அவர்கள் வீட்டு ஹால் மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறதாம். இரண்டு பக்கெட், ஒரு பேசின். யார் யாரோ வந்து எதையோ பூசியும் நிற்கவில்லை. "பையன் வேற உங்க வேலை இதுதான்னு சொன்னானா, எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல மேலதான் பார்ப்பாராம்னு சொன்னானா, எந்த மூஞ்சியோட உங்களைக் கூப்பிடறது? சரி பண்ணிட்டுக் கூப்பிடலாம், தேதி பேசலாம்னே நாலு மாசம் ஓடிப்போச்சு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். நம் பண்டிகை அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை மகளே. நாம் கூரையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம், அவர்களும் கூரையை நினைத்துத்தான் வெட்கப்பட்டிருக்கிறார்கள்.

பண்டிகை முடிந்த மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். முகத்தைப் பாருங்க, முகத்தைப் பாருங்க என்று வழியெல்லாம் அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் நல்ல பிள்ளையாக அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உள்ளே போனேன், அவர்கள் இரண்டு பேரும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோளாறு தளத்தில் இல்லை, கைப்பிடிச் சுவருக்குள் ஒரு பைப் நுழைகிற இடத்தில் இருந்தது. கொத்தி எடுத்துப் பூசி, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தாகிவிட்டது, சொட்டு இல்லை. பேசினை டீச்சர் சந்தோஷமாகப் பின்பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தார். கல்யாணத்தை வைகாசியில் வருகிற வாரங்களின் பண்டிகை முடிந்த இரண்டாம் வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடிக் கடைக்காரரே காலண்டரைப் புரட்டிச் சொன்னார், உங்க பண்டிகை எதுலயும் இடிக்கக் கூடாது பாருங்க என்று வேறு கேட்டார். அடுத்த கூடாரத்துக்கு இரண்டு பேரும் வருகிறார்களாம், டீச்சர் குடையோடு வருவாராம்.

நீ அப்படிக் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பஸ்காவுக்கு முன்னால் பண்டிகையில் வீட்டில் இருக்கக் கூடாத புளித்த மாவுச் சாமானை வீடு முழுக்கத் தேடி, கடைசியில் என் வேலைப் பையிலிருந்தே ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, அப்பாதான் ஒளிச்சு வச்சிருக்கார் என்று சபைக்கே கேட்கும்படி கத்தினாயே, அந்தப் பெண்தான் இன்னும் என் மனதில் இருக்கிறாள். இந்த முறையும் நான் ஒன்றை ஒளித்துதான் வைத்தேன். நீ கேட்டதால் வைத்தேன் என்று உன்மேல் போடமாட்டேன், எனக்கும் அது வசதியாக இருந்தது. என்னை மன்னித்துவிடு.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலை நிலைக்கட்டும், உன் புது வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். டீச்சருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய், மறந்துவிடாதே. உன் குளியலறை ஜன்னல் ஓரம் ஈரம் ஏறுகிறது என்றாயே, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு அனுப்பாதே. இந்தக் கடிதம் நனையாமல் வர மேலே சுற்றியிருப்பது அந்த ஷீட்டில் வெட்டிய துண்டுதான். படித்து முடித்ததும் நீயே அதைக் குப்பையில் போட்டுவிடு.

என்றும் உன் நலம் கேட்கும்,
அப்பா