கடல் வைத்த கூடம்

லீ சோன் தீவு
இரண்டாம் மாதம், வளர்பிறை பத்து

மருமகள் தியெமுக்கு,

நீயும் பேத்தி வீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குக் காது மந்தமாகிவிட்டது, பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால்தான் கேட்கிறது. போனில் நீ பேசினால் கொசு கத்துகிற மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கிறுக்கல். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இவ்வளவுதான், சிரிக்காமல் படி.

பூண்டு பிடுங்கியாகிவிட்டது. வயலில் புது மணல் கொட்ட ஆள் கிடைக்கவில்லை, அதனால் பல் எல்லாம் எலிப்பல்லாக இருக்கிறது. முட்டி வலி பழையபடிதான்.

இப்போது விஷயம். பூண்டு விற்க டா நாங் வந்த தோவா உன் வீட்டிலும் தேநீர் குடித்தாளாமே. திரும்பி வந்தவள் படகை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, துறையில் நாலு பேர் கேட்கச் சொல்கிறாள்: "அக்கா, உன் மருமக கூடத்துல கடலையே கொண்டாந்து வச்சிருக்கா. உன் மகனைத்தான் காணோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சமையலறைச் சுவரை இடித்தாயாம். நீலம் அடித்தாயாம். சுவரில் பரிசல் மாட்டியிருக்கிறாயாம். என் மகன் லுவானுக்குப் பத்தி ஏற்றுகிற பீடம் இருந்த இடத்தில் கயிறு சுற்றிய கண்ணாடி தொங்குகிறதாம். இது உண்மையா?

என் மகன் புயலோடு போய் நாலு வருஷம். உடம்பு கிடைக்கவில்லை. மல்பெரிக் குச்சியை எலும்பாக்கி, களிமண்ணைச் சதையாக அப்பி, அந்தப் பொம்மையைத்தான் அவன் என்று சொல்லிப் புதைத்தோம். அன்றைக்கு நீ இரண்டாவது படகில் வந்தாய், பச்சைச் சட்டையோடு. குழி மூடிய பிறகுதான் தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி கட்டினாய். அப்படியிருந்தும், பெண்டாட்டி பிள்ளை இருக்கிற இடத்தில்தான் அவன் சோறு தின்ன வேண்டும் என்று, என் வீட்டு ஊதுபத்திக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சாம்பல் அள்ளி உன் கையில் கொடுத்தவள் நான்.

அவனை எங்கே வைத்திருக்கிறாய்? அதற்கு மட்டும் பதில் எழுது.

உன் மாமியார்,
தூயெட்


டா நாங்
மார்ச் 19, 2017

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு மருந்தெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், தோவா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரியில் துணி சுற்றிக்கொண்டு படுங்கள்.

தோவா அக்கா சொன்னது உண்மைதான். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

இறால் கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். ஐஸிலேயே கிடந்து என் மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. இருக்கிற ஒரு படுக்கையறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுத்தான் பிழைக்கிறோம். நானும் வீயும் கூடத்தில் படுக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் கடலுக்காக வருகிறார்கள். நம் ஜன்னலில் தெரிவதோ ஓட்டல்களின் முதுகு. கடல் தெரியாத வீட்டில் நாமே ஒரு கடலைச் செய்ய வேண்டியிருக்கிறது.

சுவரை இடித்ததும் சமையலறை வெளிச்சம் கூடம் வரை வந்தது. மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி வெளிர் நீலம். மணல் நிறத்தில் திரை, பிரம்பு விளக்கு. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே போக வேண்டிய கூடம் அது. இப்போது மூச்சு விடுகிறது.

பீடத்தை நானாக எடுக்கவில்லை, எடுக்க வைத்தார்கள். ஹனோயிலிருந்து வந்த ஒரு பெண் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்தவள் பாதியில் நிமிர்ந்து, "அக்கா, அந்த அண்ணன் நான் சாப்பிடறதையே பாக்கறாரு. படத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்கலாமா?" என்று கேட்டாள். கெட்ட பெண் இல்லை, பயந்துவிட்டாள். ஊருக்குப் போய் அதை எல்லாரும் படிக்கும்படி எழுதியும் போட்டாள். அந்த மாதம் முழுக்க யாரும் வரவில்லை.

அவரைப் பால்கனியில், துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே பலகை அடித்து வைத்திருக்கிறேன். மழை படாமல் திரை போட்டிருக்கிறேன். முறைப்படி பழமும் பூவும் வைத்து, இரண்டு காசு போட்டு அவரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்தினேன். தினமும் வீதான் பத்தி ஏற்றுகிறாள். "அம்மா, அப்பாவுக்கு இங்கதான் காத்து வருது" என்கிறாள்.

ஜன்னலை ஒட்டி ஒரு நீளப் பெஞ்சி செய்யச் சொல்லியிருக்கிறேன். அது விருந்தாளிக்கு இல்லை, உங்களுக்கு. முட்டி மடக்காமல் உட்காரும் உயரம். பகலில் சாய்ந்துகொள்ளலாம், ராத்திரி படுக்கலாம். இந்த வருஷம் வந்து எங்களோடு இருந்துவிடுங்கள் அம்மா.

அன்றைக்கு ஏன் இரண்டாவது படகில் வந்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததை நானும் சொல்லப்போவதில்லை.

பணிவுடன்,
தியெம்


லீ சோன் தீவு
மூன்றாம் மாதம், இரண்டாம் நாள்

மருமகள் தியெமுக்கு,

எண்ணெய் வந்தது. தடவவில்லை.

உள்ளாடை அலசுகிற மெஷின் தலைக்கு மேலே என் மகன் உட்கார்ந்திருக்கிறான். அது குதிக்கும்போதெல்லாம் அவன் கிண்ணத்துச் சாம்பலும் குதிக்கும். இதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்சுவர் கண்ணாடிக்கு, பால்கனி அவனுக்கு! கண்ணாடியைப் பார்த்து எவன் கும்பிடுகிறான்?

அந்தப் பரிசலைப் பற்றியும் தோவா சொன்னாள். தாரும் இல்லை, சாணமும் பூசவில்லையாம். "தண்ணியில போட்டா சல்லடைதான் அக்கா" என்றாள். சல்லடையை மாட்டிவிட்டு அதைக் கடல் என்கிறாய். உன் கடலில் யாரும் சாகமாட்டார்கள், அதனால் உனக்குப் பிடித்திருக்கிறது.

காசு போட்டுக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்று பூவாகவும் ஒன்று தலையாகவும் விழுந்தால்தான் செத்தவன் சம்மதித்தான் என்று அர்த்தம். இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் மாட்டேன் என்கிறான். இது உனக்கும் தெரியும். என் பிள்ளையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பாயில் அவன் படுக்கிற ஓரத்தை மாற்றினாலே ரகளை பண்ணுவான். அவன் போய் மெஷின்மேல் ஏறச் சம்மதித்தானாம்! எத்தனை தடவை போட்டாய்? நீ சொல்கிற பதிலை அவன் சொல்லும்வரை போட்டாயா?

எந்தக் கூடத்தில் அவனுக்கு இடமில்லையோ அந்தக் கூடத்தில் நான் எந்தப் பெஞ்சியில் உட்காருவேன்? அவனைப் பழைய சுவருக்குக் கொண்டுவா. முடியாதென்றால் தோவாவிடம் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பு. இரண்டில் ஒன்று.

உன் மாமியார்,
தூயெட்


டா நாங்
ஏப்ரல் 16, 2017

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. முதல் தடவை காசு போட்டேன், மாட்டேன் என்றார். பீடத்துப் பூவை மாற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டேன், மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு காசை எடுக்கவே இல்லை. தரையில் அப்படியே கிடக்க, படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "மாட்டேன்னு சொல்ல உங்களால முடியும். நீங்க சாப்பிடாம இருக்கலாம், வீ இருக்க முடியாது. கோவம் இருந்தா என்மேல வச்சுக்கோங்க." சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வீ அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோபித்தாரா என்று தெரியாது. அடுத்த வாரமே தங்க ஆட்கள் வந்தார்கள்.

பழைய சுவருக்கு அவரைக் கொண்டுவர முடியாது அம்மா. இதை அழுதுகொண்டு எழுதவில்லை, அழுதிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தோவா அக்காவிடம் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறேன். சாம்பல் சிந்தாமல் சிவப்புத் துணியில் கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். படத்தை அனுப்பவில்லை. அதை வீ தரமாட்டேன் என்று பையில் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

பெஞ்சி வந்துவிட்டது. அதில் யாரையும் படுக்கவிடவில்லை. நீங்கள் வரும்வரை அப்படியே இருக்கும்.

பணிவுடன்,
தியெம்


லீ சோன் தீவு
ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

தியெமுக்கு,

நீ இடையில் எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். அது ஆறவில்லை.

கிண்ணம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவன் அப்பாவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முந்தாநாள் அவன் திதி. மீன் வறுத்து, பூண்டுத் தண்டு வதக்கி, அவனுக்குப் பிடித்த கடற்பாசிக் கூட்டும் செய்தேன். படகுக்காரர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டார்கள்.

அவன் சித்தப்பன் இரண்டு கிண்ணம் சாராயம் போனதும் ஆரம்பித்தார்: "பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளே, எங்க? கிண்ணத்தைக்கூடத் திருப்பி அனுப்பிட்டாளாமே. அடுத்த படகுல போயி இழுத்துட்டு வரேன் பாரு, புருஷன் முன்னாடி மண்டி போடட்டும்." நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். உன்னைப் பற்றி என்னென்ன பேச்சு! அதில் பாதி நானே துறையில் நின்று பேசியதுதான். என் வாயிலிருந்து போனது அவர்கள் வாய்வழியாக வந்தபோது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. மனுஷன் சொன்னால் செய்கிறவர். உன் கதவில் வந்து நின்று, உன் விருந்தாளிகள் முன்னால் கத்திவிட்டுத்தான் திரும்புவார்.

நான் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா."

தோவா வாயைப் பிளந்தாள். "எனக்கே தெரியாதே அக்கா!"

"உனக்குத் தெரியாம உலகத்துல எதுவும் நடக்கக் கூடாதா?" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. சித்தப்பன் தரையில் துப்பிவிட்டு மீனை எடுத்துக்கொண்டார். வேறு வீட்டுக்குப் போனவளிடம் பழைய வீட்டுத் திதியைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இழுத்து வரவும் முறை இல்லை.

ஆகையால், தீவுக்காரர் யாராவது உன்னைத் தெருவில் பார்த்துக் கேட்டால் ஆமாம் என்று சொல். இல்லை என்று சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்காதே. உண்மையாகவே பண்ணிக்கொண்டாலும் எனக்கு எழுதிச் சொல்ல வேண்டாம்.

வீ என் பேத்திதான். அதை எந்தக் கல்யாணமும் மாற்றாது. படத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நான் வரமாட்டேன். அந்தப் பெஞ்சியில் விருந்தாளிகள் படுக்கட்டும், காலியாக வைக்காதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. மறுகல்யாணம் ஆனவளிடமிருந்து கடிதம் வந்தால் தபால்காரன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

குளிரில் மணிக்கட்டைத் தண்ணீரில் வைக்காதே.

இப்படிக்கு,
லுவானின் அம்மா